ஒரு சேர்வர், இருபது கதிரைகள்: பழைய கொம்பியூட்டர்களும் வன்னிப் பள்ளிக்கூடங்களும்

பரந்தனில் இருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவுப் பக்கம் வந்தால் தருமபுரம், விசுவமடு தாண்டி எங்கட உடையார்கட்டு வரும். அந்த வழியில் இருக்கிற பள்ளிக்கூடங்கள் பலதில் ஒரு அறைக்கு மட்டும் கதவுக்கும் ஜன்னலுக்கும் கம்பி அடிச்சிருக்கும். அதுதான் கொம்பியூட்டர் லாப்.

நான் படிச்ச பள்ளிக்கூடத்தின் பெயர் இங்க வேண்டாம். நான் ஆறாம் ஆண்டுக்குப் போன வருசம் அங்க இருபது கொம்பியூட்டர் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற நல்ல மனுசர் சேர்ந்து அனுப்பினது. நாடா வெட்டி, படம் எடுத்து, சுவரில் பெயர்ப்பலகையும் வைச்சினம். நான் பத்தாம் ஆண்டுக்கு வரேக்க ஆறுதான் வேலை செய்தது. ஒண்டுக்கு நாலு பேர் இருப்பம். மற்ற பதினாலும் துணியால் மூடிக் கிடந்தது. என்ன பிழை என்று கேட்டால், "விண்டோஸ் அடிக்கோணும், ஆள் வரோணும்" என்று சேர் சொல்லுவார். ஆள் கிளிநொச்சியில் இருந்து வரவேணும். அவருக்குக் காசும் குடுக்கவேணும். சேரையும் பிழை சொல்ல ஏலாது. அவர் படிச்சது விவசாயம். கொம்பியூட்டர் பாடம் அவருக்கு மேலதிகமாகக் குடுக்கப்பட்டது.

போன வருசம் கம்பஸில் ஒரு நண்பன் தன்ர அறையில் ஒரு பழைய கொம்பியூட்டரை எனக்குப் போட்டுக் காட்டினான். திறந்து பார்த்தால் உள்ளுக்கு ஹாட் டிஸ்க்கே இல்லை. ஆனாலும் அது திரையில் தமிழில் "வரவேற்கிறோம்" என்று சொல்லி எழும்பிச்சுது. பக்கத்தில் இருந்த இன்னொரு கொம்பியூட்டரில் இருந்து வயரால் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வேலை செய்தது. எனக்கு அந்தப் பதினாலும்தான் ஞாபகம் வந்தது. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன். இயந்திரத்தின் உள்விவகாரம் எனக்குப் பெரிசா விளங்காது. ஆனால் இந்த யோசனை எங்க இருந்து வந்தது, ஆர் செய்து பார்த்தவை, எங்க நிலைச்சது, எங்க கரைஞ்சு போனது என்று தேடிப் பார்க்கலாம். அப்படித் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

குளமும் வயலும்

முதலில் விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லுறன். இதற்கு ஆங்கிலப் பெயர் தின் கிளையன்ற். தமிழில் மெலிந்த கணினி என்று சொல்லலாம். வழமையான லாபில் ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒவ்வொரு வீடு மாதிரி. தனக்கென்று ஒரு ஹாட் டிஸ்க், ஒரு விண்டோஸ், தனக்கென்று ஒரு வைரஸ். இருபது இருந்தால் இருபதையும் தனித்தனியாகப் பராமரிக்கவேணும்.

மெலிந்த கணினி முறை எங்கட குளத்தைப் போன்றது. உடையார்கட்டுக் குளம் ஒண்டுதான், வயல் கனக்க. ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு குளம் வெட்டுறதில்லை. அதுபோல ஓரளவு பலமான ஒரு கொம்பியூட்டரைச் சேர்வராக வைத்து, மற்றவற்றை அதோட வயரால் இணைப்பினம். மாணவர் முன்னால் இருக்கிற இயந்திரம் எழும்பும்போது "நான் ஆர், எனக்கு என்ன வேலை" என்று நெற்வேர்க்கில் கேட்கும். சேர்வர் அதற்கு ஒரு முகவரி குடுத்து, லினக்ஸின் கருவை அனுப்பிவைக்கும். பிறகு மாணவர் எழுதுறதும் வரையிறதும் உண்மையில் சேர்வரில்தான் நடக்கும். முன்னால் இருக்கிறது திரையும் கீபோட்டும் மவுசும் மட்டும். ஒரு மென்பொருளைச் சேர்வரில் ஒருக்கால் போட்டால் இருபது பேருக்கும் போட்ட மாதிரி. ஒரு பிள்ளை இண்டைக்கு மூன்றாவது கதிரையிலும் நாளைக்குப் பத்தாவது கதிரையிலும் இருந்தாலும் அவளின் கோப்புகள் அவளைத் தேடி வரும்.

எவ்வளவு பலமான சேர்வர் வேணும்? உபுண்டு லினக்ஸின் பழைய வழிகாட்டி ஒரு கணக்குச் சொன்னது: சேர்வருக்கு 256 எம்.பி. நினைவகம், அதோட ஒவ்வொரு ஆளுக்கும் 192 எம்.பி. இருபது பேருக்குக் கூட்டிப் பார்த்தால் சரியாக 4 ஜி.பி. வரும். இன்றைய இணைய உலாவிகளுக்கு அந்தக் கணக்குக் காணாது, பலமடங்கு வேணும். ஆனாலும் இருபது புதுக் கொம்பியூட்டர் வாங்குறதோட ஒப்பிட்டால் ஒரு நல்ல சேர்வர் சின்னச் செலவுதான்.

1964: கலைப் பிள்ளைகளுக்காக ஒரு கொம்பியூட்டர்

பகிர்ந்து பாவிக்கிற இந்த யோசனை வறிய நாடுகளுக்காகக் கண்டுபிடிச்சது என்று நான் நினைச்சிருந்தன். அது பிழை. தனியாள் கொம்பியூட்டருக்கு முந்தினது இது. 1960களில் ஒரு கொம்பியூட்டரே ஒரு அறையை நிரப்பும். ஆளுக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே ஒரே இயந்திரத்தின் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பலருக்குப் பகிர்ந்து குடுக்கிற முறையை உருவாக்கினார்கள். 1961இல் எம்.ஐ.ரி.யில் பெர்னாண்டோ கோர்பற்றோவின் குழு இதைச் செய்து காட்டியது.

எனக்குப் பிடிச்ச கதை அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்தது. ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்களுக்கு ஒரு கவலை இருந்தது. அந்தக் கல்லூரியில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கிறவர்கள் கால்வாசிப் பேர்தான். மிச்சப் பேர் கலையும் சமூக விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளைகள். நாளைக்கு நாட்டில் முடிவெடுக்கிற இடங்களுக்குப் போகப்போறது அவர்கள்தான், அவர்களுக்குக் கொம்பியூட்டர் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாமா என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். அவர்களுக்காக இலகுவான ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதுதான் பேசிக். அதோட ஒரே இயந்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில் பாவிக்கிற முறையையும் அமைத்தார்கள். 1964 மே 1ஆம் திகதி விடியப்புறம் நாலு மணியளவில் பக்கத்துப் பக்கத்து முனையங்களில் இரண்டு நிரல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். இரண்டுக்கும் சரியான விடை வந்தது.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த முறைக்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதினது பட்டப்படிப்பு மாணவர்கள். எங்கட வயசுதான். பிறகு சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களும் தொலைபேசி வயர் வழியாக டார்ட்மத்தோட இணைந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கட வகுப்பில் இருந்த தட்டச்சு முனையத்தில் தட்ட, விடை கல்லூரியில் இருந்து வந்தது.

1980களில் தனியாள் கொம்பியூட்டர் மலிஞ்சதும் இந்தப் பகிர்வு முறை பழசாகிப் போச்சுது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு அனுமதிப் பத்திரம் என்பது வழமையானது. மென்பொருளை விற்கிறவர்களுக்கும் அது வசதி. இருபது பெட்டி என்றால் இருபது தரம் விற்கலாமே.

ஒரு கடிதமும் ஒரு பதிலும்

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை ஆரும் பாவிக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் குடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் லினக்ஸ் கருவை வெளியிட்டார். எம்.ஐ.ரி.யில் 1984இல் தொடங்கின எக்ஸ் விண்டோ என்ற திரை முறையில், ஒரு கொம்பியூட்டரில் ஓடுற நிரலை இன்னொரு கொம்பியூட்டரின் திரையில் காட்டலாம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழைய பகிர்வு முறைக்குத் திரும்ப உயிர் குடுக்கலாம் என்று விளங்கும். 1999இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜிம் மக்கிலன் அதைத்தான் செய்தார். அவர் தொடக்கின திட்டத்தின் பெயர் லினக்ஸ் ரேர்மினல் சேர்வர் புரொஜெக்ற், சுருக்கமாக எல்.ரி.எஸ்.பி.

அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் ஹரிசனும் போல் நெல்சனும். இரண்டு பேரும் கல்வித்துறைக்குள் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்துக்குத் தேவையான மென்பொருள்களையும் எல்.ரி.எஸ்.பி.யையும் ஒரே தொகுப்பாக்கி, ஆசிரியர் ஒருவரே நிறுவக்கூடிய மாதிரி வெளியிட்டார்கள். கொம்பனிகள் கழிச்சுவிட்ட இயந்திரங்கள் அங்க வகுப்பறைக்குள் வந்தன.

2002இல் நடந்த ஒரு சம்பவம் இதற்குக் காற்றடிச்சது. ஒறிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மிகப்பெரிய 24 கல்வி மாவட்டங்களுக்கு மைக்ரோசொஃப்ட் கடிதம் அனுப்பியது. உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு கொம்பியூட்டரையும் எண்ணி, எதற்கெல்லாம் அனுமதிப் பத்திரம் இருக்கிறது என்று 60 நாளுக்குள் கணக்குக் காட்டுங்கள் என்பதுதான் கடிதம். பள்ளிக்கூடம் முடியிற தவணை நேரம் அது. ஆயிரக்கணக்கான இயந்திரங்களை ஆர் போய் எண்ணுறது? மாற்று வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்பது அப்பதான் பலருடைய கண்ணில் பட்டது.

எங்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரியலாம். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைப் பாதுகாக்கிறது. ஆனாலும் கடைக்காரர் குடுக்கிற கொப்பி விண்டோஸை வேண்டிப் போடுறதை நாங்கள் களவு என்றே நினைக்கிறதில்லை. களவு என்ற பேச்சை ஒரு பக்கம் வைப்பம். கொப்பி விண்டோஸை ஒழுங்காகப் புதுப்பிக்க ஏலாமல் போகும், வைரஸ் வரும், பிறகு "ஆள் வரோணும்". துணி மூடிக் கிடந்த பதினாலில் எத்தனை அப்படிச் செத்தது என்று ஆருக்குத் தெரியும்?

நோர்வே: சின்ன மொழிக்கு ஒரு இடம்

இலவசம் என்பது இந்த வரலாற்றின் ஒரு பாதிதான். மறுபாதி மொழி. காசில்லாத பிரச்சினையே இல்லாத நோர்வேயில் 2001இல் ஸ்கோலெலினக்ஸ் என்ற பள்ளிக்கூட லினக்ஸ் ஏன் தொடங்கினது என்று பார்த்தால் இது விளங்கும்.

நோர்வே மொழிக்குப் பூக்மோல், நைநொர்ஸ்க் என்று இரண்டு எழுத்து வடிவங்கள் இருக்கின்றன. நைநொர்ஸ்க்கைப் பாவிக்கிறவர்கள் சிறுபான்மை. பாடப்புத்தகம் இரண்டு வடிவத்திலும் வரவேணும் என்பது அங்க சட்டம். ஆனால் கொம்பியூட்டர் திரையில் சிறுபான்மை வடிவத்துக்கு இடமிருக்கவில்லை. ஸ்கோலெலினக்ஸ் ஆட்கள் தாங்களே இருந்து மொழிபெயர்த்தார்கள். இரண்டு வடிவத்திலும் செய்தார்கள், வடக்கில் வாழுற சாமி மக்களின் மொழிக்கும் செய்தார்கள். நைநொர்ஸ்க் இல்லாவிட்டால் வாங்கமாட்டம் என்று பள்ளிக்கூடங்கள் நின்ற பிறகு மைக்ரோசொஃப்ட்டும் அந்த வடிவத்தில் ஒபிஸ் தர முன்வந்தது. ஸ்கோலெலினக்ஸ் பிறகு டெபியன் லினக்ஸோட சேர்ந்து இன்றைக்கும் இருக்கிறது. ஒரு முதன்மைச் சேர்வர், அதன் கீழே மெலிந்த கணினிகள் என்ற அமைப்பு அதில் தொடக்கத்தில் இருந்தே உண்டு.

தமிழுக்கும் இப்படியான தொண்டர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். லிப்ரே ஒபிஸின் பட்டியல்கள் தமிழில் வரும். சின்னப் பிள்ளைகளின் வரைதல் மென்பொருளான ரக்ஸ் பெயின்ற் தமிழில் இருக்கிறது. இதெல்லாத்தையும் செய்தது சம்பளமில்லாமல் இரவில் இருந்து மொழிபெயர்த்த ஆட்கள். ஆனால் எங்கட லாபில் நாங்கள் "ஃபைல், எடிற், வியூ" என்று பாடமாக்கினம், அது என்ன சொல் என்று விளங்காமலே. அதோட பாமினி. பாமினியில் அடிச்ச கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஒருங்குறி வந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் எங்கட அலுவலகங்களில் பாமினி போகவில்லை. வரலாறு படிக்கிறவனுக்கு இது சின்ன விசயமில்லை. இருபது வருசத்துக்குப் பிறகு இந்தக் காலத்து ஆவணங்களை ஆர், எப்படி வாசிக்கப்போறார்கள்?

கேரளமும் தமிழ்நாடும்: ஆர் பழுதுபார்க்கிறது?

கேரளத்தின் கதை எங்களுக்கு மிகக் கிட்டினது. அங்க 2001இல் ஐ.ரி. அற் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. முதலில் அதன் பாடம் விண்டோஸைச் சுற்றித்தான் இருந்தது. பொதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு கொம்பனியின் பொருளைப் பாடமாக்குறது சரியா என்று ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆட்களும் கேள்வி கேட்டார்கள். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அதே 2001இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. அந்த விவாதத்தின் விளைவாகப் படிப்படியாக லினக்ஸ் உள்ளே வந்தது. 2000களின் முடிவுக்குள் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பப் பரீட்சையே முழுக்க லினக்ஸில் நடக்கத் தொடங்கியது.

ஒன்றைச் சொல்லிவிடவேணும். கேரளம் மெலிந்த கணினி வழியில் போகவில்லை. அங்க ஒவ்வொரு கொம்பியூட்டரும் தன் சொந்த ஹாட் டிஸ்க்கோடதான் ஓடுது. அப்படியிருந்தும் நான் கேரளத்தை இங்க கொண்டுவாறதுக்குக் காரணம் அவர்கள் ஆட்களை எப்படித் தயார்படுத்தினார்கள் என்பதுதான். வெளியில் இருந்து தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடாமல், பள்ளிக்கூடத்தில் கணிதமோ மொழியோ படிப்பிக்கிற ஆசிரியர்களையே பயிற்றினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். பழுதான இயந்திரங்களை ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கழட்டித் திருத்துற முகாம்களும் நடந்தன. 2017இல் அந்தத் திட்டம் கைற் என்ற அரச நிறுவனமாக மாறியது. 2018இல் லிற்றில் கைற்ஸ் என்று பள்ளிக்கூட மாணவர் கழகங்களும் வந்தன. பிழை வந்தால் "ஆள் வரோணும்" என்று காத்திருக்கத் தேவையில்லாமல், ஆள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்தார்.

தமிழ்நாட்டில் தொடக்கம் நல்லாத்தான் இருந்தது. 2007 அளவில் அரச நிறுவனமான எல்கொட், உமாசங்கர் அதன் தலைமையில் இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னையில் சி-டாக் உருவாக்கின பொஸ் லினக்ஸ் தமிழிலேயே கிடைத்தது. 2011இல் மாணவருக்கு இலவச மடிக்கணினி குடுக்கிற திட்டம் வந்தபோது விண்டோஸும் பொஸ்ஸும் இரண்டும் அதில் போட்டுக் குடுத்தார்கள். அதாவது லினக்ஸ் பிள்ளைகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைப் பாடத்தோடும் பரீட்சையோடும் ஆசிரியர் பயிற்சியோடும் கட்டிப்போடுற ஒழுங்கு கேரளத்தைப் போல அமையவில்லை. இரண்டு மாநிலமும் பக்கத்துப் பக்கம். மென்பொருள் ஏறக்குறைய ஒன்று. வித்தியாசம் ஆசிரியர்கள்.

கிரேக்க நாட்டிலும் இதேதான். அங்க அல்கிஸ் ஜியோர்கோபுலோஸ் என்ற ஆசிரியர், பள்ளிக்கூட லாபுகளைப் பராமரிச்ச அனுபவத்தை வைத்து, 2019இல் எல்.ரி.எஸ்.பி.யை முழுதாகத் திருப்பி எழுதினார். இன்றைக்கு உலகம் பாவிக்கிறது அந்த வடிவத்தைத்தான்.

எங்கட பக்கம்

பகிர்ந்து பாவிக்கிறதும், உடைஞ்சதைத் திருத்திப் பாவிக்கிறதும் வன்னிக்கு ஆரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் தேசிய மின்வலை இங்க இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைச்சு மிதிச்சு, டைனமோவால் ரேடியோ கேட்ட சனம் இது. ஜாம் போத்தல் விளக்கில் படிச்சு ஏ.எல் எடுத்தவர்கள் எங்கட பெற்றோர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு பாதை திறந்ததும் கிளிநொச்சியில் கணினிக் கற்கை நிலையங்கள் வந்தன.

அதே காலத்தில் தெற்கிலும் ஒரு நல்ல விசயம் நடந்தது. 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேசனைச் சுற்றியிருந்த இளம் ஆட்கள் சில வாரங்களுக்குள் அதை எழுதிக் குடுத்தார்கள். சஹானா என்று பெயர். கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டபடியால் பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பாவிக்கப்பட்டது, 2006ஆம் ஆண்டுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது. இந்த நாட்டில் திறந்த மூல மென்பொருள் எழுதக்கூடிய ஆட்கள் இல்லை என்று ஆரும் சொல்ல ஏலாது.

பிறகு 2009. அந்த ஜனவரியின் மூன்றாம் வாரத்தில் அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் வந்தது. இங்க இயங்கின தற்காலிக மருத்துவமனையும் ஷெல்லடிக்குத் தப்பவில்லை. எனக்கு அப்ப அஞ்சு வயசு. கூரைத் தகட்டையும் கதவையும் கழட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடின சனம், கடைசியில் ஒரு பையும் இல்லாமல் முகாமுக்குப் போனது. மெனிக் பாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். திரும்பி வந்த பள்ளிக்கூடங்களுக்கு எல்லாமே நன்கொடையாகத்தான் வந்தது: மேசை, கதிரை, புத்தகம், கொம்பியூட்டர்.

அந்த நன்கொடைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குடுத்த எல்லாரும் பெட்டியைத்தான் குடுத்தார்கள். பெட்டியைத் திறக்கிற அறிவை ஆரும் குடுக்கவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. சைக்கிள் டைனமோவில் ரேடியோ ஓட்டின சனத்தின் பிள்ளைகள், ஒரு மென்பொருள் பழுதானதுக்கு இரண்டு வருசம் துணிபோட்டு மூடிவிட்டுக் காத்திருந்தம். அந்த லாபில் ஒரு ஆணியைக்கூட எங்களைக் கழட்ட விடவில்லை. "கை வைக்காதேங்கோ, பழுதாப் போயிடும்" என்றதுதான் நாங்கள் அதிகம் கேட்ட வசனம்.

குறைகளையும் சொல்லவேணும்

மெலிந்த கணினி எல்லா நோய்க்கும் மருந்தில்லை. முதல் குறை, சேர்வர் விழுந்தால் முழு லாபும் விழும். குளக்கட்டு உடைஞ்ச மாதிரி. ஆகவே இரண்டாவது சேர்வர் ஒன்றைத் தயாராக வைத்திருக்கவேணும், கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் ஒவ்வொரு கிழமையும் நகல் எடுக்கவேணும்.

இரண்டாவது, வீடியோ. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் சேர்வரும் வயரும் மூச்சு வாங்கும். இதனால்தான் பிற்காலத்தில் வேறொரு முறை வளர்ந்தது. டிஸ்க் இல்லாத கொம்பியூட்டர் லினக்ஸைச் சேர்வரில் இருந்து எடுத்தாலும், வேலையைத் தன்ர சொந்த நினைவகத்திலேயே செய்யும். புதிய எல்.ரி.எஸ்.பி. இந்த வழியைத்தான் முதன்மையாக எடுத்திருக்கிறது.

மூன்றாவது, கரண்ட். பழைய பெரிய மொனிற்றரோட ஒரு மேசைக் கொம்பியூட்டர் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். ஹாட் டிஸ்க்கைக் கழட்டினதால் மட்டும் பில் குறையாது. ராஸ்பெரி பை போன்ற, சில வாட்டில் ஓடுற சின்னப் பலகைகளும் தட்டைத் திரையும் இருந்தால்தான் சூரியப் படலத்தில் லாப் ஓட்டலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறந்திருக்க மாட்டீங்கள். அந்த மாதிரி நாளில் இந்தக் கணக்குத்தான் லாபைத் திறந்துவைச்சிருக்கும்.

நாலாவது, பரீட்சை. "பேப்பரில் வேர்ட்டும் எக்செல்லும்தானே வருது, லினக்ஸ் படிச்சு என்ன செய்யிறது" என்று பெற்றோர் கேட்பினம். நியாயமான கேள்வி. ஏ.எல் பாடத்திட்டத்தில் இருக்கிற பைதன் லினக்ஸில் அப்படியே ஓடும், அது பிரச்சினையில்லை. லிப்ரே ஒபிஸில் அட்டவணை போடப் பழகின பிள்ளைக்கு எக்செல் ஒரு நாள் வேலை. ஆனால் இதை வாயால் சொன்னால் பெற்றோர் நம்பாயினம். இரண்டு மூன்று கொம்பியூட்டரை விண்டோஸோடேயே விட்டுவைக்கிறது புத்தி.

அப்ப என்ன செய்யலாம்?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிற்பாட்டியது. விண்டோஸ் 11 பழைய இயந்திரங்கள் பலதில் ஏறாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் அலுவலகங்கள் நல்ல நிலையில் இருக்கிற கொம்பியூட்டர்களைக் கழிக்கத் தொடங்கியிருக்கும். அதில் ஒரு பங்கு எங்கட பள்ளிக்கூடங்களுக்கு வரும் என்றுதான் நான் நினைக்கிறன். திரும்பவும் நாடா வெட்டுவினம், பெயர்ப்பலகை வைப்பினம். இந்த முறை அவற்றுக்கு என்ன நடக்கப்போகுது என்பது எங்கட கையில் கொஞ்சம் இருக்கு.

பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி அனுப்ப முதல் மூன்று கேள்வி கேளுங்கோ. பழுதானால் பள்ளிக்கூடத்துக்குள் ஆர் திருத்துவினம்? திரையில் என்ன மொழி வரும்? லாபின் திறப்பு ஆரிட்ட இருக்கும்? இதுக்குப் பதில் இல்லையென்றால், இருபது பெட்டிக்குப் பதிலாகப் பத்துப் பெட்டி அனுப்பி, மிச்சக் காசில் இரண்டு ஆசிரியருக்கும் ஆறு மாணவருக்கும் ஒரு மாதப் பயிற்சி குடுங்கோ. சேர்வரில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைக்கலாம், கிவிக்ஸ் என்ற மென்பொருள் அதுக்கு இருக்கு. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இன்ரநெற் இல்லாமலே பிள்ளைகளின் கைக்கு வரும். டேற்றா காசில்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய நூலகம் என்று யோசிச்சுப் பாருங்கோ.

எங்கட குளத்துக் கதைக்கு ஒருக்கால் திரும்புவம். வாய்க்கால் துப்புரவுக்கு ஊரில் எல்லாரும் மண்வெட்டியோட இறங்குவினம். கட்டில் ஓட்டை கண்டால் சின்னப் பெடியனும் வந்து சொல்லுவான், ஏனெண்டால் அது தன்ர தண்ணி என்று அவனுக்குத் தெரியும். அந்த லாப் எங்கட என்று எனக்கு ஒரு நாளும் தோன்றினதில்லை. டார்ட்மத்திலும் கேரளத்திலும் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றியிருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த விடுமுறைக்கு நானும் அந்த நண்பனும் ஊருக்குப் போறம். அதிபரிட்ட கேட்டிருக்கிறம். துணி மூடினதில் இரண்டைத் திறந்து பார்க்க விடுறன், ஆனால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளும் கூட இருக்கவேணும் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்க நினைச்சதும் அதைத்தான். இரண்டும் எழும்பினதா இல்லையா என்று வந்து எழுதுறன்.